கத்தாமல் ஒரு பருவம்

எங்கள் கல்லூரிக்குச் சொந்தமாக மைதானம் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்தபடி நிற்கும் ஐந்து மாடிக் கட்டடம்தான் கல்லூரி. கீழ்த்தளத்தில் புடவைக் கடை, அதற்கு மேலே நாங்கள். ஆகவே பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கென்று பாமன்கடைப் பக்கம் கால்வாய் ஓரத்தில் உள்ள பொது மைதானத்தின் பாதியை வாரத்தில் மூன்று பின்னேரம் எடுத்துத் தந்திருந்தார்கள். மற்றப் பாதியில் பொடியன்கள் மென்பந்துக் கிரிக்கெட் அடிப்பார்கள். அவர்களுடைய பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தால் எங்கள் பிள்ளைகள் கையால் தொடமாட்டார்கள். உதைத்தே திருப்பி அனுப்புவார்கள்.

அணியைப் பார்க்க மூன்று பேர் இருந்தோம். நான் துணைப் பயிற்சியாளர். பகலில் அதே கல்லூரியில் கணக்கியல் படிப்பிப்பேன். பின்னேரமானால் சேலையை மாற்றிவிட்டு ஓட்டோவில் ஏறுவேன். கோல் காப்பவர்களைப் பழக்குகிறவர் ஒரு சிங்களவர், முன்பு இராணுவப் படையணி ஒன்றின் அணிக்குக் கோல் காத்தவர். சிங்களப் பிள்ளைகள் அண்ணன் என்ற பொருளில் அவரை அய்யா என்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் மரியாதைக்கு ஐயா என்பார்கள். யார் எதை நினைத்துக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்ப்பார். மூன்றாமவர்தான் தலைமைப் பயிற்சியாளர். பிள்ளைகளுக்கு அவர் 'கோச்'. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா.

அக்கா கொம்பனித்தெரு மலாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டில் மலாய், தெருவில் தமிழ், படித்தது சிங்களத்தில். மைதானத்தில் எல்லாம் ஒரே வசனத்தில் வரும். அவருடைய தமிழில் 'இருக்கிற' என்பது 'ஈக்கிற' ஆகும், 'சொல்' 'செல்' ஆகும். அந்தக் குரலை நான் முதன்முதலில் கேட்டபோது மைதானத்துக்குள் நுழைந்திருக்கவே இல்லை. வீதியில் ஓட்டோவை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ யாரையோ அடிக்கப் போகிறார்கள் என்று பயந்துபோனேன். எட்டிப் பார்த்தால் ஒரு பெண் இடுப்பில் கை வைத்து நின்றபடி, மைதானத்தின் மறுகரையில் நின்ற ஆட்டக்காரியைத் தோளைத் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

அவருடைய பயிற்சி முறையே அந்தக் குரல்தான். பந்து யாருடைய காலுக்கு வந்தாலும் அது அடுத்து எங்கே போகவேண்டும் என்பது அக்காவின் வாயிலிருந்து வந்துவிடும். பிள்ளைகளும் அதை நம்பியே ஓடினார்கள். நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. அப்படியே சில கிண்ணங்களும் வென்றோம்.

அந்த வருடம் மழை தொடங்கிய நேரத்தில் அக்காவின் தொண்டை கட்டியது. சளித் தடிமன் என்றார். கொத்தமல்லி அவித்துக் குடித்தார். கோல் பயிற்சியாளர் வெனிவெல் என்கிற மரமஞ்சள் கட்டை வாங்கி வந்து, அதையும் சேர்த்து அவிக்கச் சொன்னார். குரல் சில நாட்கள் வரும், பிறகு நடுவில் அறுந்துபோகும். "இடது பக்கம்" என்று தொடங்கினால் 'பக்கம்' காற்றாகப் போய்விடும். தடிமன் மாறிய பிறகும் அது மாறவில்லை. மாதக்கணக்காக இழுத்தது.

"அக்கா, டொக்டரிட்டக் காட்டுவம். நானும் வாறன்" என்றேன் ஒருநாள்.

"என்னத்துக்கு? வயசு போகுது, அதான்."

"வயசு போனால் முழங்கால்தான் முதலில போகும். உங்கட முழங்கால் நல்லாத்தானே இருக்கு."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பும் சத்தமில்லாமல்தான் வந்தது. அதற்குப் பிறகு மறுப்புச் சொல்லவில்லை.

தொண்டை டொக்டர் இளம் பெண். மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டு, திரையில் எங்களுக்கும் காட்டினார். குரல்நாணில் அரிசிமணி போல ஒரு கட்டி. கெட்ட கட்டியாக இருக்காது, ஆனால் எடுத்துத்தான் பரிசோதிக்க வேண்டும், எடுத்த பிறகு இரண்டு வாரம் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்றார். குசுகுசுக்கவும் கூடாது, அது கத்துவதைவிடத் தொண்டைக்குக் கெடுதலாம். பிறகு மெதுவாகப் பேசலாம். கத்துவதை இந்தப் பருவம் முழுக்க மறந்துவிட வேண்டும்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கத்த ஏலாதா? அப்ப நான் அங்க என்னத்துக்கு ஈக்கிற?" என்று என்னிடம் கேட்டார். டொக்டரிடம் கேட்கவில்லை.

கட்டியை எடுத்தார்கள். பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது. அதற்குள் கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளர் எங்களை அழைத்துவிட்டார். நல்ல மனிதர், கடிந்து பேசத் தெரியாதவர். அக்காவும் நானும் அவருக்கு முன்னால் அமர்ந்திருந்தோம். அவர் என்னை மட்டும் பார்த்துப் பேசினார்.

"மிஸ், அவவுக்கு இப்ப ஓய்வு தேவை. இந்தப் பருவத்துக்கு நீங்களே தலைமைப் பொறுப்பை எடுங்கோ. அவ விரும்பினால் வந்து பார்த்திட்டுப் போகட்டும்."

வாய் பேசாத ஒருவர் பக்கத்தில் இருந்தால், அவருக்குக் காதும் கேட்காது என்றே எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். மருந்துக்கடையிலும் பஸ்ஸிலும் இதையே கண்டிருந்தேன். அக்கா தன் பையிலிருந்து ஆட்டம் விளக்கும் சின்ன வெள்ளைப் பலகையை எடுத்தார். பேனையைத் திறந்து சிங்களத்தில் பெரிதாக எழுதி அவர் பக்கம் திருப்பினார்: 'எனக்குக் காது கேட்கும்.'

பொறுப்பாளர் எழுந்தே விட்டார். மன்னிப்புக் கேட்டு, தேநீர் வரவழைத்தார். நான் தலைமைப் பொறுப்பு வேண்டாம் என்றேன். அது பெருந்தன்மை இல்லை. எனக்கு ஆட்டம் தெரியும், பிள்ளைகளைத் தெரியும். ஆனால் அக்கா கோட்டுக்கு வெளியே நிற்கும்போது அவருடைய இடத்தில் நான் நிற்பதை நினைத்தாலே கூச்சமாக இருந்தது. அக்கா பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். 'நான் பார்ப்பேன். இவள் கத்துவாள்.'

அப்படித்தான் நான் அக்காவின் வாயானேன்.

முதல் நாள் பயிற்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அக்கா கையால் காட்டுவார், நான் அதைச் சொல்லாக்கிக் கத்த வேண்டும். என்னுடைய குரல் வகுப்பறைக் குரல், நாற்பது பேர் இருக்கும் மண்டபத்தின் கடைசி வரிசை வாங்கு வரை போகும். மைதானத்தில் அது நடுவட்டத்தைத் தாண்டவில்லை. போதாததற்கு அக்காவின் கைகளையும் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. இரண்டு உள்ளங்கையையும் கீழே அழுத்தினால் 'வேகத்தைக் குறை' என்று அவர் நினைத்தார். நான் 'எல்லாரும் பின்னுக்கு' என்று நினைத்தேன். ஒரு தடவை அவர் கையை வலப்பக்கமாக வேகமாக வீசினார். "எல்லாரும் வலப்பக்கம்!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். பதினொரு பேரும் வலப்பக்கம் ஓடினார்கள். அக்கா விரட்டியது கால்வாயிலிருந்து வந்து கடித்த நுளம்பை.

கோல் பயிற்சியாளர் புல்லில் உட்கார்ந்து சிரித்தார். அக்காவுக்குச் சிரிக்கவும் தடை. துவாயை வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, என் தோளில் அடித்தார்.

இரண்டாவது வாரம் வேறொரு கல்லூரி அணி எங்களுடன் பயிற்சி ஆட்டம் ஆட வந்தது. அன்று பகிடிக்கு இடமிருக்கவில்லை. நான் அக்காவின் கையைப் பார்த்து, விளங்கிக்கொண்டு, திரும்பி வாயைத் திறப்பதற்குள் பந்து வேறு யாரோ ஒருத்தியின் காலில் இருந்தது. நான் சொன்ன ஒவ்வொன்றும் பிந்திப்போனது. பிள்ளைகள் பழக்கதோஷத்தில் கோட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். குரல் வரவில்லை. இடைவேளைக்கு முன்பே இரண்டு கோல் வாங்கினோம்.

இடைவேளைக்குப் பிறகு நான் களைத்துப்போய் வாயை மூடிவிட்டேன். அக்காவும் கையைக் கட்டிக்கொண்டார்.

எங்கள் பின்வரிசையின் நடுவில் ஆடும் பிள்ளை மலையகத்தில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து வெள்ளவத்தையில் விடுதியில் தங்கிப் படித்தவள். என் வகுப்பிலும் இருந்தாள். பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவாள். அவளுடைய குரலை நான் கேட்டது மிகக் குறைவு. அன்று எதிரணிக்காரி ஒருத்தி அவளுடைய பக்கத்தவளுக்குப் பின்னால் நழுவியபோது, "பின்னாடி! பின்னாடி ஒருத்தி வர்றா!" என்று ஒரு சத்தம் வந்தது. யார் என்று தேடினேன். அவள்தான். தன் சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டவள் போல ஒரு கணம் நின்றாள். பக்கத்தில் நின்ற சிங்களப் பிள்ளைக்குச் சொல் விளங்கவில்லை, ஆனால் தொனி விளங்கிவிட்டது. அவள் ஓடிப்போய்ப் பந்தை வெட்டி எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிங்களப் பிள்ளை இங்கிருந்து "விடு, விடு" என்று தமிழில் கத்துகிறாள், அங்கிருந்து எங்கள் தோட்டத்துப் பிள்ளை "இஸ்ஸரஹட்ட" என்று முன்னால் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்துகிறாள். உச்சரிப்பு இரண்டு பக்கமும் மோசம். பந்து மட்டும் சரியான இடத்துக்குப் போனது.

கோல் பயிற்சியாளர் என்னிடம் நடந்து வந்தார். அவருடைய தமிழ் பிள்ளைகளிடம் பொறுக்கியது. "மிஸ், கேளுங்க. சத்தம் நாங்க போடல்ல. பிள்ளைகள்" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் மைதான வாசலில் இருக்கிற தேநீர்க் கடைக்குப் போனோம். மூவருக்கும் பாலில்லாத பிளேன்டீயும் மீன் வைத்த மாலுப்பாணும். எனக்குள் இருந்த சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

"அக்கா, கேட்டனீங்களோ? இவ்வளவு காலமும் ஒருத்தியும் வாய் திறந்ததில்லை. இண்டைக்குப் பார்த்தால் சந்தை மாதிரி. நீங்கள் கத்தாமல் இருந்தது ஒரு விதத்தில நல்லதாப் போச்சு."

கோல் பயிற்சியாளர் தேநீர்க் கோப்பைக்குள் பார்க்கத் தொடங்கினார். அக்காவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. பலகையை எடுக்கவில்லை. மாலுப்பாணைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தார், எழுந்தார், எங்கள் இருவருக்கும் தலையசைத்துவிட்டு பஸ் தரிப்பைப் பார்த்து நடந்தார்.

அடுத்த பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. செய்திகளைப் பார்த்ததற்கான அடையாளம் தொலைபேசியில் தெரிந்தது, பதில் இல்லை.

"மிஸ் தானே சொன்னது. மிஸ் தானே போகணும்" என்றார் கோல் பயிற்சியாளர். பந்துகளை வலைப்பைக்குள் போட்டபடி, என்னைப் பாராமலே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கொம்பனித்தெருவுக்குப் போனேன். அக்கா பிறந்து வளர்ந்த தெருவை இடித்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்குக் கட்டிய தொடர்மாடியில் பதினோராவது மாடியில் அவருக்கு வீடு. மின்தூக்கியில் என்னோடு ஒரு தம்பதி, ஒரு சைக்கிள், ஒரு சாக்கு வெங்காயம். அக்காவின் கணவர் கதவைத் திறந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர்.

"வாங்க மிஸ். டொக்டர் மெதுவாக் கதைக்கலாம் எண்டு செல்லி நாலு நாளாகுது. இவ வீட்டிலயும் கதைக்கிறல்ல. டீவியக் கூட நாங்க சத்தத்தக் கொறைச்சு வெச்சிட்டு ஈக்கிறம்."

அக்கா பலகணியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் வாளியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கீழே ரயில் பாதையும் ஏரியின் ஒரு துண்டும் தெரிந்தன.

"நான் சொன்னது பிழை அக்கா" என்றேன்.

"பிழ இல்ல." கட்டி எடுத்த பிறகு அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தாழ்ந்து, கொஞ்சம் மணல் கலந்து, வேறு யாரோ ஒருவருடைய குரல் போல இருந்தது. "சரியாத்தான் செல்லின. அதான் எனக்கு ஏலாமப் போன."

அவர் ஒரு தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டார்.

"நான் ஃபுட்போல் அடிச்ச காலத்துல எங்களப் பாக்க வாறவனுகள் அடிக்கிறதப் பாக்க வாறல்ல. சிரிக்கத்தான் வாற. கோட்டுக்கு வெளிய நிண்டு என்னென்னவோ செல்லுவானுகள். ஓடுற மாதிரி நடிச்சுக் காட்டுவானுகள். பொறகு நான் கோச் பண்ணத் தொடங்கினப்போ அதே ஆக்கள், அதே சிரிப்பு. அது என்ட புள்ளைகள்ட காதுல விழக்கூடாது எண்டுதான் நான் கத்தத் தொடங்கின. என்ட சத்தம் அவளுகள்ட காத நெரப்பினா வேற ஒண்டும் உள்ளுக்குப் போகாதே."

"இப்ப ஒருத்தரும் சிரிக்கிறேல்லையே அக்கா" என்றேன்.

"ஒனக்குக் கேக்கல்ல. எனக்குக் கேக்குது."

மென்பந்து அடிக்கும் பொடியன்களையும், மதிலில் ஏறி இருந்து பார்ப்பவர்களையும் யோசித்துப் பார்த்தேன். என் காதில் உண்மையில் எதுவும் விழுந்ததில்லை. ஒருவேளை அக்கா கத்தியதால்தான் எனக்கும் விழவில்லையோ என்னவோ.

"பத்து வருஷத்துக்கு மேல நான் அவளுகளக் கதைக்க உடல்லயா?" என்று அக்கா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பி, நான் சொல்வதை ஏற்கத் தயாரான முகத்தோடு கேட்டார்.

"கதைக்க விடேல்லை எண்டு இல்லை. அவையளுக்குக் கதைக்கத் தேவைப்படேல்லை."

"ரெண்டும் ஒண்டுதான்" என்றார்.

அவருடைய கணவர் உள்ளேயிருந்து பலகாரத் தட்டோடு வந்தார். பேச்சு துறைமுகத்துக்கும் மின்தூக்கி பழுதாகும் நாட்களுக்கும் போயிற்று. கிளம்பும்போது அக்கா கதவுவரை வந்து, "செவ்வாக்கிழம கோர்னர் பழக்கணும். வலைய மறக்காமக் கொண்டு வா" என்றார்.

செவ்வாய் வந்தார். அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்து பார்ப்பார். இடைவேளையில் பிள்ளைகளை அருகில் கூப்பிட்டு அந்தத் தாழ்ந்த குரலில் பேசுவார். அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, காதைக் கொடுத்துக் கேட்பார்கள். நடுவில் ஏதேனும் அவசரமென்றால் எனக்குக் கை காட்டுவார். இப்போது எனக்கு அந்தக் கைகள் பழகிவிட்டன. நுளம்பையும் கட்டளையையும் பிரித்தறிந்தேன்.

அந்தப் பருவத்தில் அரையிறுதி வரை போனோம். மழை விட்டும் விடாத ஒரு பின்னேரம். எதிரணி எங்களைவிட உயரமான, வேகமான பிள்ளைகள். முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல், இரண்டாம் பாதி தொடக்கத்தில் நாங்கள் ஒன்று. கடைசிப் பகுதியில் அவர்கள் புதிதாக ஒரு முன்வரிசைக்காரியை இறக்கினார்கள். அவள் ஓடினால் புல் மட்டும்தான் அசைந்தது, ஆளைக் காணவில்லை.

அக்கா எழுந்து நின்றார். இரண்டு கையையும் முன்னால் தள்ளினார். பின்வரிசை முன்னேறி நிற்க வேண்டும், எதிரணியைக் கோலிலிருந்து தூரத்தில் வைக்க வேண்டும் என்று பொருள். நான் வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் மைதானத்திலிருந்து தோட்டத்துப் பிள்ளையின் குரல் வந்தது. "பின்னாடி வாங்க! எல்லாரும் பின்னாடி! அவ ஓடுனா நம்மளால பிடிக்க முடியாது!" அந்தச் சிங்களப் பிள்ளை அதைத் தன் மொழியில் அடுத்தவளுக்குச் சொன்னாள். பின்வரிசை நால்வரும் ஒன்றாகப் பின்வாங்கினார்கள்.

அக்காவின் கை இன்னும் முன்னால் தள்ளியபடியே இருந்தது. என்னைப் பார்த்தார்.

"அக்கா, அவையள் கதைச்சு ஒரு முடிவெடுத்திட்டினம். இப்ப நான் மாறிச் சொன்னால் ரெண்டு பேர் முன்னுக்கும் ரெண்டு பேர் பின்னுக்கும் நிப்பினம்."

கோல் பயிற்சியாளரும் எங்களைப் பார்த்தார். அக்காவின் தாடை இறுகியது. தொண்டையில் நரம்பு ஏறி இறங்கியது. கத்திவிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் கையைக் கீழே விட்டார். கதிரையில் உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தார்.

கொஞ்ச நேரம் அது பலித்தது. வேகக்காரிக்கு ஓட இடம் கிடைக்கவில்லை. ஆனால் பின்வாங்கியதில் கோல் பெட்டிக்கு முன்னால் பெரிய வெளி திறந்துவிட்டது. எதிரணியின் நடுவரிசைப் பிள்ளை ஒருத்தி அந்த வெளியில் பந்தை வாங்கி, நிறுத்தி, அவசரப்படாமல் ஆறுதலாக நிமிர்ந்து பார்த்து உதைத்தாள். எங்கள் கோல் காப்பவளின் விரல்நுனியில் பட்டு உள்ளே போனது.

அத்தோடு தோற்றோம்.

பிள்ளைகள் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கோல் பயிற்சியாளர் நேராகக் கோலுக்குப் போய்த் தன் ஆட்டக்காரிக்குப் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தார். தோட்டத்துப் பிள்ளை மட்டும் எழுந்து எங்களிடம் வந்தாள். முகம் முழுக்க மழையா கண்ணீரா என்று தெரியவில்லை.

"கோச், நான்தான் பின்னாடி வரச் சொன்னேன். என்னாலதான் தோத்தோம்."

நான் குறுக்கிட்டு ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஓம், அது பிழதான்" என்றார் அவளிடம். "முன்னுக்குத்தான் ஏறி நிண்டீக்கணும். ஏன் எண்டு நாளைக்குப் பலகையில காட்டுறன். ஆனா நீ கூப்பிட்ட நேரம் நாலு பேரும் வந்தாளுகள் தானே? ஒரே கோட்டுல வந்தாளுகள் தானே? அது நான் இவ்வளவு வருஷமாக் கத்தியும் வராத ஒண்டு."

அந்தப் பிள்ளை அக்காவின் சேற்றுச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மற்றவர்களிடம் திரும்பிப் போனாள்.

பஸ்ஸில் அக்காவும் நானும் ஒரே இருக்கையில் இருந்தோம். பின்னால் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பம்பலப்பிட்டி வந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நான் செல்லினதுதான் சரி" என்றார்.

"ஓம் அக்கா. நீங்கள் சொன்னதுதான் சரி."

"சத்தம் இருந்தீந்தா கத்தீப்பன். ஒன்னக் கேட்டீக்கவே மாட்டன். வெண்டீப்பம்."

"வெண்டிருக்கலாம்."

"அப்ப ஏன் நீ சும்மா நிண்ட?"

எனக்கு அப்போதும் பதில் தெரியவில்லை, இப்போதும் திருத்தமாகத் தெரியாது. அந்த நேரத்தில் நான் பிள்ளைகளை நம்பினேனா, அல்லது இன்னொருவருடைய கட்டளையைக் காவிச் சுமந்து களைத்துவிட்டேனா? இரண்டும் கொஞ்சம் இருந்திருக்கும். "தெரியேல்லை அக்கா" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா என்று பார்த்தேன். வெள்ளவத்தையில் இறங்கும்போது என் தண்ணீர்ப் போத்தலை மறந்துபோக, அவர் அதை எடுத்துக்கொண்டு படிவரை வந்து தந்தார்.

அடுத்த பருவத்துக்கு முன் டொக்டர் அக்காவுக்கு வழமைபோலப் பேச அனுமதி தந்தார். குரல் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கொஞ்சம் உயர்த்தலாம், உயர்த்தினால் மணல் சத்தம் கூடும். தலைமைப் பொறுப்பைப் பற்றிக் கல்லூரியில் மறுபடி யாரும் கேட்கவில்லை. பொறுப்பாளர் இப்போதெல்லாம் அக்காவின் முகத்தைப் பார்த்தே பேசுகிறார், தேவைக்கு அதிகமாகவே சத்தமாக.

புதுப் பிள்ளைகள் சேர்ந்த பிறகு முதல் கூட்டத்தில் அக்கா ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மைதானத்தில் எதற்கு எந்தச் சொல்லைக் கத்துவது என்று அவர்களையே முடிவெடுக்கச் சொல்லிவிட்டு, கன்னத்தில் கையூன்றி இருந்தார். பெரும் சண்டை. 'விடு' என்றால் பந்தை விடுவதா ஆளை விடுவதா என்று ஒருத்தி; அதைவிடச் சிங்களச் சொல் நீளம், வாய்க்குள் வருவதற்குள் கோல் விழுந்துவிடும் என்று இன்னொருத்தி. மாளிகாவத்தைப் பிள்ளை ஒருத்தி, எல்லாவற்றுக்கும் "அடியே" என்றாலே போதும், திரும்பிப் பார்க்கிறவள் பார்க்கட்டும் என்றாள். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. கடைசியில் தோட்டத்துப் பிள்ளைதான், அந்த வருடம் அவள் அணித்தலைவி, ஒவ்வொரு சொல்லாக வாக்கெடுத்து முடித்தாள்.

"கோச், நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

"நான் பேர மட்டும்தான் கூப்பிடுவன்" என்றார் அக்கா. "மத்தத நீங்க பாத்துக்கோங்க."

முதல் போட்டியில் பேர் கூப்பிட வேண்டிய ஒரு தருணம் வந்தது. மறுகரையில் ஆடிய புதுப் பிள்ளை தன் இடத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து அவளுடைய பெயரைக் கூப்பிட்டார். அவ்வளவு தூரம் குரல் போகவில்லை. காற்றும் எதிர்க்காற்று. அவள் திரும்பவில்லை. நான் கூப்பிடட்டுமா என்று அக்காவைப் பார்ப்பதற்குள், எங்களுக்குக் கிட்ட நின்ற ஆட்டக்காரி அந்தப் பெயரை எடுத்துக் கூப்பிட்டாள். அவளிடமிருந்து நடுவில் நின்றவள், அவளிடமிருந்து அடுத்தவள். பெயர் மைதானத்தைக் குறுக்கே கடந்து போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். புதுப் பிள்ளை கடைசியில் நிமிர்ந்து, யார் கூப்பிட்டது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் பார்த்து, தன் இடத்துக்கு ஓடினாள்.

அக்கா கதிரையில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா, இழந்துபோன ஏதோ ஒன்றின் வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை. பந்து மறுபடி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.